திரும்பிப் படுத்த சோழி

போன ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு சோழி திருடியாக்கப் பார்த்தது.

சிங்கப்பூர் தெம்பனிஸில் எங்கள் வீட்டுத் தாயம் சாதாரணத் தாயம் இல்லை. தோற்றவர்தான் தீபாவளிக்கு மொத்தக் குடும்பத்துக்கும் சமைக்க வேண்டும். போன வருஷம் நான். அதற்கு முந்தின வருஷமும் நான்தான்! எதிராளி யார் என்று கேட்கிறீர்களா? என் நாத்தனார் வசந்தா.

ஆறு சோழியில் ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது. தேக்கா கடையில் ஒன்று மட்டும் கேட்டேன். "ஒண்ணா? பாக்கெட்டாதான் லா விப்போம்" என்றார் கடைக்கார நானா. ஒரு சோழிக்காக ஒரு பாக்கெட்டா? வந்துவிட்டேன். என் புலம்பலைக் கேட்ட கணவர் ஞாயிறு காலை நடைப்பயிற்சி முடிந்து வந்து, பளபளவென்று ஒன்றை நீட்டினார். "சாங்கி பீச்சுல கிடந்துச்சு."

ஆட்டம் தொடங்கியது. வாய் மேலே பார்த்து எத்தனை சோழி விழுகிறதோ அத்தனை கட்டம். கடைசியில் எனக்குத் தேவை இரண்டே இரண்டு. நாத்தனார் தேத்தண்ணி ஊற்ற எழுந்தார்.

"போடு, ஆனா எடுக்காதே. நான் வந்து பாப்பேன்."

போட்டேன்... இரண்டு! "அண்ணி, ஜெயிச்சிட்டேன்!" என்று கத்தினேன். கோப்பைகளோடு அவர் மெதுவாக வந்து குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுதானே இருக்கு?"

நானும் குனிந்து பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது.

"சத்தியமா ரெண்டு விழுந்துச்சு, அண்ணி!"

"இந்த வயசுல அழுகுணி ஆட்டமா? நாலு பேருக்குச் சமைக்கப் பயந்துக்கிட்டு!"

நாலு பேரா? இருபத்திரண்டு பேர்! அழுகை வந்துவிட்டது. கணவரைப் பார்த்தேன். மனிதர் கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இருபது வருஷக் குடும்பத்தில் இந்தப் பெயர் மட்டும்தான் நான் வாங்காதது.

அப்போதுதான் புதுச் சோழி நகர்ந்தது.

"ஐயோ, நடக்குதுடா!" என்று நாத்தனார் சோபாமேல் ஏறிவிட்டார். உள்ளே நத்தை உயிரோடு! மல்லாந்து கிடந்தது, தானாகவே புரண்டு கவிழ்ந்திருக்கிறது. காலையிலிருந்து அதைக் குலுக்கிக் குலுக்கி உருட்டியிருக்கிறோம், பாவம்.

"நீ சொன்னது நிஜம்தாம்மா" என்றார் நாத்தனார், சோபாவிலிருந்து இறங்காமலே. மனசு குளிர்ந்துவிட்டது.

"உள்ளே ஏதோ கறுப்பா இருந்துச்சு... மண்ணுன்னு நெனச்சேன்" என்று முனகினார் கணவர்.

"உயிரோட இருக்கறதை எடுத்துட்டு வரலாமாடா?" அக்காள் போட்ட சத்தத்தில் தம்பி சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மூவருமாகப் பஸ் பிடித்து, எடுத்த இடத்திலேயே அதை விட்டோம். அலை வந்து மூடும்வரை நாத்தனார் நகரவில்லை.

சரி, ஜெயித்தது யார்? விழுந்ததைக் கணக்கில் எடுப்பதா, கிடந்ததையா? திரும்பி வரும் பஸ்ஸில் நானும் நாத்தனாரும் விவாதித்தோம். இரண்டு நிறுத்தம்கூடத் தாண்டவில்லை, முடிவு வந்துவிட்டது. இருபது வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு.

இந்தத் தீபாவளிக்குச் சமைக்கப்போவது, சோழி கொண்டுவந்தவர்!