செதுக்கிய பிளக்

கண்ணுகளா, இது நடந்த கதை. நம்பாதவர்கள் என் இடது கையைப் பாருங்கள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது. நான் கூட்டிச் சொன்னாலும் சொல்வேன். எலும்பு கூட்டிச் சொல்லாது.

வடதேசத்துத் தாம்பெரே ஊரில் என் தம்பி தௌனோ பழைய மரக்கட்டிடம் ஒன்றில் வாடகைக்குக் குடிபோன குளிர்காலம் அது. டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், கல்யாணம் ஆகாதவன். அவனுக்கு இருந்தது ஒரே பைத்தியம், மிளகாய். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும். உள்ளே நாக்கைச் சுடும் மிளகாய் முப்பது தொட்டிகளில் வளரும். சூரியன் இல்லாத மாதங்களில் செடிக்கு விளக்குதான் சூரியன்.

அந்த விளக்கை அவன் காசு கொடுத்து வாங்கவில்லை. கட்டிடத்தின் நிலவறையில் யாரோ விட்டுப்போனது. அறுநூறு வாட். கவிழ்த்த அண்டாவைப் போல இரும்புக் கூடு. சங்கிலியில் மாட்டித் தூக்கிவிட்டான். ஆனால் அதன் பிளக் அந்த அறைச் சுவரில் நுழையவில்லை. பழைய வீடு. சமையலறையில் மட்டும்தான் எர்த் உள்ள சாக்கெட். மற்ற அறைகளில் இருப்பது வெறும் இரண்டு ஓட்டை. எர்த் பிளக் அதில் நுழையக் கூடாது என்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.

தௌனோ இடுப்புக் கத்தியை உருவினான். பிளக்கின் விளிம்பைச் சீவ ஆரம்பித்தான்.

"டேய், நுழையலன்னா ஏதோ காரணம் இருக்கும்டா."

"அக்கா, இந்த ஊர்ல பாதிப் பேரு இப்படித்தான் மாட்டறான். மரத்தரை. காலுல கம்பளி சாக்ஸ். சாத்தானே வந்தாலும் ஷாக் அடிக்காது."

"அவனைக் கூப்பிடாதேடா."

சிரித்தான். பிளக் நுழைந்தது. தினமும் தானாக எரிய டைமரை நான்கு மணிக்குத் திருப்பி வைத்தான். க்ளிக். அறை முழுக்க மஞ்சள் வெயில். நானும்கூட அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

அடுத்த வாரம் போனபோது தொட்டிகள் இடம் மாறியிருந்தன. மேசையில் இருந்தவையெல்லாம் ஜன்னலடியில் வெந்நீர்க் குழாயோடு இணைந்த இரும்பு ஹீட்டரை ஒட்டி நெருக்கித் தள்ளப்பட்டிருந்தன. தண்ணீர் ஊற்ற வேண்டுமானால் விளக்குக்கும் ஹீட்டருக்கும் நடுவில் குனிந்துதான் நிற்க வேண்டும்.

"நீயா தள்ளினே?"

"நான் எதுக்குத் தள்றேன்? நீ வந்து தள்ளிட்டுப் போனேன்னு நினைச்சேன்."

ஹீட்டரின் வெள்ளைப் பூச்சில் ஒரு உள்ளங்கை. புகை படிந்த மாதிரி. துடைத்தேன். போனது. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தேன்... திரும்பவும் இருந்தது.

முடி கருகிய வாசனை வேறு.

விளக்குக் கூட்டை விரல் நுனியால் தொட்டால் எறும்பு கடிப்பதுபோல் இருக்கிறது என்றான் தௌனோ. "வயசாயிடுச்சு, நரம்புத் தளர்ச்சி" என்று அதையும் சிரித்தே தள்ளினான்.

அதற்கடுத்த வாரம் நெற்றியில் தையலோடு கதவைத் திறந்தான்.

"என்னடா இது?"

"வழுக்கிட்டேன்."

"பொய்."

தையலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "பின்னந்தலை முடியைப் புடிச்சுது அக்கா. ஜன்னல் கட்டையில நச்சுனு மோதிச்சு. திரும்பிப் பார்த்தா யாருமே இல்ல."

"இப்பவே அதைக் கழட்டு."

"காய் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரே மாசம். சரி, முதல்ல காபி போடறேன்."

அவன் சமையலறைக்குப் போனான். நான் விளக்குக்கும் ஹீட்டருக்கும் நடுவில் தனியாக நின்றேன்.

நான்கு மணி. க்ளிக்.

விளக்கு எரிந்தது.

முதல் தொட்டி சுவரில் போய் மோதி உடைந்தது. அடுத்தது என் காதோரம் பறந்தது. மண், ஓடு, பிய்ந்த செடி. ஒரு ஓட்டுச் சில் கன்னத்தைக் கிழித்தது. சங்கிலி ஆடி விளக்கு என் முகத்தை நோக்கி வந்தது. தடுக்க வலது கையை நீட்டினேன்.

இரும்பில் பட்டது.

எறும்பு கடித்தது. அவ்வளவுதான்.

அப்போது என் இடது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

ஈரமான கை... சுடுகிற கை.

இழுத்தது. நான் எதிர்த்து இழுத்தேன். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. ஒரு கணம் ஜெயித்தேன் என்றே நினைத்தேன்.

அறைந்தாற்போல் என் உள்ளங்கையை ஹீட்டரில் வைத்து அழுத்தியது.

நெஞ்சுக்குள் சம்மட்டி.

விரல்கள் இரும்பை இறுக்கிக்கொண்டன. விட முடியவில்லை. கத்த முடியவில்லை. பற்கள் நறநற... நாக்கில் ரத்தம்...

"அக்கா!"

தௌனோ என்னைத் தொடவில்லை, நல்லவேளை. கதவோரம் சாய்ந்திருந்த மரப் பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கி என் இடது கையில் ஓங்கி அடித்தான்.

ஒரு அடி.

இன்னொரு அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

விழுந்தேன்.

இடது மணிக்கட்டில் நான்கு விரல் தடம், கருகி. ஒரு விரலின் அடியில் மட்டும் வட்டமாக ஆழமான சூடு. மோதிரம்.

மாவுக்கட்டோடு நான் தம்பி வீட்டுக்குத் திரும்பிய பிறகு மின்சாரம் பார்க்கும் யர்மோ வந்தார். பிளக்கைக் கையில் எடுத்ததும் முகம் சிவந்தது.

"செதுக்கின மகராசன் யாரு? விரலை நீட்டுங்க, அதையும் சீவி விடறேன்."

விளக்குக்குள் கம்பியின் தோல் உரசித் தேய்ந்து இரும்புக் கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்ததாம். எர்த் இருந்தால் அன்றே ஃபியூஸ் போயிருக்கும். இல்லாததால் கூடு முழுக்க மின்சாரம் நின்று காத்திருந்தது. மரத்தரை அதை மண்ணுக்கு இறங்க விடவில்லை. ஹீட்டர் குழாய் விட்டது. அவர் அந்தக் கம்பியை மாற்றினார். ஃபியூஸ் பெட்டியிலிருந்து எர்த் இழுத்து, கூட்டை அதோடு இணைத்து, புது சாக்கெட் போட்டு, பெட்டியில் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றும் வைத்தார். அளந்து பார்த்தார். கசிவே இல்லை.

நான்கு மணி. க்ளிக்.

டக்.

சுவிட்ச் விழுந்தது.

யர்மோ தூக்கி விட்டார். டக். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை தூக்கினார். நின்றது.

"எதுக்கு விழுது?" என்றான் தௌனோ.

"மின்சாரம் வேற வழியில தரைக்கு ஒழுகினா விழும். விளக்குல கசிவு இல்ல. அப்படின்னா..." ஜன்னல் பக்கம் பார்த்தார். "யாராவது ஆள் தொட்டிருக்கணும்."

நாங்கள் மூவரும் கதவருகே நின்றிருந்தோம். ஜன்னல் பக்கம் யாரும் இல்லை.

தௌனோ ஊற்றிவைத்த காபியைத் தொடாமல் யர்மோ போய்விட்டார்.

கீழ்வீட்டு ஔனே என் மாவுக்கட்டைப் பார்த்து விசாரித்தாள். சொன்னேன். 

"நிலவறையில கிடந்த விளக்கா? அடிப்பாவி, அது உன் தம்பி வீட்ல முன்னாடி இருந்தவங்களோடது. புருஷன் பொண்டாட்டி. தக்காளி வளர்த்தாங்க. அவர் ஒரு கையில விளக்கு, ஒரு கையில ஹீட்டர்னு ஒட்டிக்கிட்டு நின்னிருக்கார். அவ பதறிப்போய் வெறுங்கையால அவர் மணிக்கட்டைப் புடிச்சு இழுத்திருக்கா. ரெண்டு பேரும் அப்படியே போயிட்டாங்க. விரலைப் பிரிக்கவே முடியலையாம்."

"எந்தக் கையால புடிச்சா?"

"மோதிரக் கையாலதான்."

அன்றே விளக்கைக் குப்பை மையத்தில் போட்டோம். சாக்கெட் காலியாகவே இருக்கிறது. தௌனோ அங்கேதான் இருக்கிறான். போவதற்கு வேறு இடம் இல்லை.

தினமும் நான்கு மணிக்கு எனக்குப் போன் செய்து, போனைப் பெட்டிக்கு அருகில் பிடிக்கிறான். நானும் கேட்கிறேன்.

டக். தூக்கி விடுகிறான்.

டக். தூக்கி விடுகிறான்.

முதல் டக் அந்தப் புருஷனுக்கு, அடுத்தது பொண்டாட்டிக்கு. பிறகு மூன்றாவது விழுமா என்று இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறோம், கண்ணுகளா... என் முறைக்காக.