டிக்கியில் எத்தனை கூடை

கார் விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி குடும்பம் இருக்கும் போலிருக்கிறது. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம், டிக்கியில் ஊர் சுற்றப் போக இரண்டு சூட்கேஸ் வைக்கலாம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். என் வண்டியைப் பற்றியும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். வாங்குவதற்கு முன் ஒன்றுவிடாமல் படித்தேன். என்னுடைய கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஐஸ் போட்ட மீனோடு இரண்டு அன்னக்கூடையும் ஒரு தெர்மாகோல் பெட்டியும் சாயாமல் நிற்குமா என்பதுதான் அது.

நிற்கும். இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பின் சீட்டில் ஒரு பக்கத்தை மடக்கினால் மூன்றாவது கூடையும் நிற்கும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. அப்பா பைபர் போட்டில் மீன்பிடிக்கப் போனவர், இப்போது இல்லை. அம்மா விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, செங்கல்பட்டில் மார்க்கெட்டுக்கு வெளியே உட்கார்ந்து விற்கிறாள். நான் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஊரார் கார்க் கதவெல்லாம் காற்றுப் புகாமல் மூடுகிறதா என்று பார்த்தே பதினோரு வருஷம் போய்விட்டது. எனக்கென்று ஒரு கதவை அடித்துச் சாத்த ஆசைப்பட்டேன். அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

சின்ன பெட்ரோல் வண்டி போதுமே, இவளுக்கு எதற்கு வெளிநாட்டுக் கம்பெனி டீசல் வண்டி என்று கேட்காத ஆள் இல்லை. புது வண்டியும் இல்லை அது, ஏழு வயசான வண்டி. சென்னையில் பழைய சொகுசு வண்டிகள் விற்கும் இடத்துக்கு நான் தனியாகப் போனேன். விற்பனைப் பையன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, சார் எப்போ வருவார் மேடம் என்று கேட்டான். எந்த சார் என்று கேட்டேன். பிறகு வண்டியைக் காட்டினான். வெளிப்பூச்சு வெள்ளை, உள்ளே சந்தன நிறத் தோல் சீட், தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை. நான் நேராக பானெட்டில் கை வைத்தேன். சுட்டது.

டீசல் இன்ஜினின் நோய் எல்லாம் குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் தெரியும். நான் வருகிறேன் என்று தெரிந்து முன்னாலேயே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று சொல்லி ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். சாப்பிடப் போகவில்லையா என்றார்கள், பசிக்கவில்லை என்றேன். மூன்று மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. கொஞ்ச நேரம் கடகடவென்று பேசிவிட்டு அடங்கியது. படகு இன்ஜின் சத்தத்தில் தூங்கி எழுந்த காதுக்கு அது போதும்.

வண்டியின் குணங்களைச் சொல்லிவிடுகிறேன். நீளம் குறைச்சல்தான், எங்கள் குப்பத்துச் சந்தில் வலைக் குவியலை உரசாமல் திரும்பிவிடும். உயரம் போதும். ஐப்பசி மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து எங்கள் தெருவுக்கு இறங்கும் இடத்தில் தண்ணீர் நிற்கும்போது மற்ற கார்கள் யோசிக்கும், இது யோசிக்காது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கும், பிறகு முதுகைப் பிடித்துத் தள்ளும். குறையும் உண்டு. பின் சீட்டில் கால் வைக்க இடம் பற்றாது, நடுவில் உட்காருகிறவருக்குக் காலடியில் ஒரு மேடு. பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். முட்டுக்காடு வரைக்கும் ஒரு விரட்டு விரட்டிவிட்டு வந்தால் அணைந்துவிடும். உப்புக்காற்றுக்கு அடிப்பாகத்தை வாரம் தவறாமல் கழுவ வேண்டும். படகைக் கழுவுகிறவர்களுக்கு இது ஒரு வேலையா?

வாங்கியதற்கு முதல் காரணம் அம்மா. அவளுக்கு முழங்கால் போய்விட்டது. கூடையோடு ஏறுகிறவளைப் பார்த்தால் பஸ்ஸில் முகம் சுளிப்பார்கள், நிறுத்தாமலே போவார்கள். நான் வேலைக்குப் போகிற அதே வழிதான் அவள் வழியும். திருக்கழுக்குன்றம் தாண்டி செங்கல்பட்டு. மீனையும் அவளையும் இறக்கிவிட்டு நான் போகலாம். இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தோன்றவில்லை.

வண்டி வந்து ஒரு வாரம் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாளே தவிர ஏறவில்லை. அதற்குள் இன்னொருவர் ஏறிவிட்டார். எங்கள் பிரிவு மேலாளர் திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறார். அந்த வழியாகத்தானே வருகிறாய் என்றார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து முன் சீட்டு அவருடையது. சீட்டைப் பொத்தானால் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அந்த வருஷம் என் பதவி உயர்வுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

அடுத்த வாரம் ஒரு நாள் சங்கரா மீன் நிறைய விழுந்தது. அம்மா தானாகவே, இன்னிக்கி உன் வண்டியிலயே வரேன் என்றாள். புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். நான் முன் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து வைத்திருந்தேன். சந்தன நிறத் தோல், ஈரம் பட்டால் கறை போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா அதைப் பார்த்தாள், அதன் மேலேயே உட்கார்ந்தாள். வழி முழுக்க அவள் அசையும்போதெல்லாம் அந்த ஷீட் சரசரவென்றது.

திருக்கழுக்குன்றத்தில் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். நான் அம்மாவிடம் திரும்பி, "ம்மா, சார் வந்துட்டாரு, கொஞ்சம் பின்னாடி ஒக்காந்துக்கோ" என்றேன்.

அம்மா இறங்கினாள். ஷீட்டை எடுத்து நாலாக மடித்தாள். டிக்கியைத் திறக்கச் சொன்னாள். கூடைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்து, ஷீட்டை ஒரு கூடைக்கு மூடியாகப் போட்டாள். பின்னாடி பஸ்ஸு வந்துகினு கீது, நீ போ என்றாள். நேரமாகிறது என்று நான் போனேன். அதைத்தான் எத்தனை தடவை நினைத்தாலும் தாங்க முடியவில்லை, நான் போனேன். அம்மாவும் கூடவே வந்திருக்கலாமே, பாவம் என்று சொல்லிக்கொண்டே மேலாளர் சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.

ஒரு மாதம் அம்மா பஸ்ஸில் போனாள். வீட்டில் பேச்சு நிற்கவில்லை, குழம்பு வைத்தாள், சிரித்தாள், என் கல்யாணத்தைப் பற்றி வழக்கம்போலத் திட்டினாள். வண்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. தினமும் அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே நான் ஓட்டிக்கொண்டு போனேன். அத்தனை வேகம் உள்ள வண்டி, பஸ் புகையைக் குடித்துக்கொண்டு ஊர்ந்தது. டிக்கி காலியாக இருந்தது.

ஒரு மழைக் காலையில் பஸ் எங்கள் நிறுத்தத்தில் வந்து நின்றது. கண்டக்டர் கூடையைப் பார்த்தார், விசில் கொடுத்தார். அம்மா படியில் கை வைப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நான் வண்டியை அவள் பக்கத்தில் நிறுத்தி இறங்கினேன். இருவரும் நனைந்துகொண்டு நின்றோம்.

எனக்கு வேறொரு பஸ் ஞாபகம் வந்தது. நான் ஒன்பதாவது படித்தபோது, சீருடையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா பின்னால் கூடையோடு நின்றாள். யாரோ ஒருவர் வாடை என்று சத்தம் போட, பாதி வழியில் அவளை இறக்கிவிட்டார்கள். எனக்கு அவளைத் தெரியாது என்பதுபோல நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அன்று மழையில் அதை நானே சொன்னேன். அம்மா, தெரியும் என்பதுபோலத் தலையாட்டினாள்.

"அன்னிக்கி நீ எறங்காதது எனக்கு வலிக்கலடி" என்றாள். "சின்ன பொண்ணு, நாலு பேரு பார்த்தா வெக்கப்படுவ. இந்த பிளாஸ்டிக்குதான் வலிச்சிது. இது நீ சம்பாரிச்ச வண்டி. இதுல கண்டக்டரு எவன் கீறான்? நீயேதான என்ன எறக்கி வுட்ட."

நான் அழுதேன். மழையில் தெரியாது என்றெல்லாம் இல்லை, சத்தம் போட்டே அழுதேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை நின்றாள். பிறகு, "முன்னாடிதான் ஒக்காருவேன். எவன் வந்தாலும் எந்திரிக்க மாட்டேன். சரின்னா டிக்கிய தொற" என்றாள்.

திறந்தேன். கூடைகளை நானே தூக்கி வைத்தேன். அம்மா சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு சந்தன நிறத் தோலில் உட்கார்ந்து, பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று கேட்டாள். விமர்சனம் எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்தக் கறை போகாது. நான் போக்கப் பார்க்கவும் இல்லை.

திருக்கழுக்குன்றம் வரும்போது மழை விட்டிருந்தது. மேலாளர் குடையை மடக்கிக்கொண்டே வந்து பழக்கத்தில் முன் கதவைத் திறந்தார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள், அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பதவி உயர்வுத் தாள் இன்னும் அவர் மேசையில்தான் கிடந்தது.

"சார், இவங்க எங்க அம்மா" என்றேன். "நீங்க பின்னாடி ஒக்காருங்க."

உட்கார்ந்தார். முழங்கால் முன் சீட்டில் இடித்தது, குடையை வைக்க இடம் தேடினார். அவருக்குப் பின்னால் டிக்கியிலும், பக்கத்தில் மடக்கிய சீட்டிலுமாக மூன்று கூடை வஞ்சிரமும் சங்கராவும். ஊரைத் தாண்டுவதற்குள் கைக்குட்டை வெளியே வந்துவிட்டது. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, மழைதான் விட்டுவிட்டதே, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கலாமா, வாடை தாங்கவில்லை என்றார்.

அம்மா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்துக் கண்ணாடியை என் கதவிலிருந்தே பூட்டலாம், அது இந்த வண்டியில் ஒரு வசதி. பூட்டினேன். ஏசியை இன்னும் ஒரு புள்ளி கூட்டி வைத்தேன்.

"முடியாது சார்" என்றேன். "ஐஸ் கரைஞ்சிடும்."