மருமகனின் மூக்கு

மருமகனுக்குக் கெட்ட நோய் வந்து மூக்கு அமுங்கிவிட்டதாம், மாமியார்க்காரி துரத்திவிட்டாளாம். மாடி வீட்டுக்காரி தெரு முழுக்க ஊதிவிட்டிருக்கிறாள். வாய் இருக்கிறது என்பதற்காக எதையும் பேசுவதா? அது தொற்றும் நோயும் இல்லை, நான் துரத்தவும் இல்லை. அவராகத்தான் நடந்து போனார்.

என் மகளைக் கட்டியவர் பெரிய ஹோட்டல் ஒன்றில் தலைமைச் சமையல்காரர். காலையில் மீன் பெட்டி வந்து இறங்கும்போது அங்கே நிற்பார். செவுளைத் தூக்கி முகர்ந்து அவர் தலையாட்டினால்தான் பெட்டி உள்ளே போகும். வீட்டிலும் அதே கதைதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அத்தை, பாலை அடுப்புல வச்சிட்டு எங்க போனீங்க?" என்பார்.

விருந்து நாட்களில் ஹோட்டலில் உட்கார நேரம் இருக்காது. களைப்புத் தெரியாமல் இருக்க, அங்கே ஒருவன் கொடுத்த வெள்ளைத் தூளை மூக்கால் உறிஞ்சப் பழகிக்கொண்டார். கொக்கெய்ன் என்று அதற்குப் பெயராம். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. மூக்கு ஒழுகியது, அடைத்தது, தலையணை உறையில் ரத்தம் பட்டிருந்தது. சைனஸ் என்றார். நானும் நம்பி ஆவி பிடிக்க வைத்தேன். கண்ணுக்குக் கீழே கனக்கிறது என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை, உள்ள ரயில் ஏதும் ஓடுதா?" என்றேன்.

"சரக்கு வண்டி அத்தை, மெதுவாத்தான் போகும்" என்றார். மகள் சிரிக்கவில்லை.

அதற்குள் அவருக்கு வாசனை தெரிவதே அடியோடு போயிருந்தது. ஹோட்டலில் அதை மறைக்க ஒரு வழி வைத்திருந்தார். பெட்டியின் மேல் குனிந்துவிட்டு, பக்கத்தில் நிற்பவனிடம் "நீ சொல்லு, எப்படி இருக்கு?" என்பார். தொழில் சொல்லித்தருகிறார் என்று நினைத்து அவனும் முகர்வான். அவன் முகம் சுளித்தால் பெட்டி திரும்பிப் போகும்.

வீட்டில் அந்த வழி பலிக்கவில்லை. ஒருநாள் அவருக்கு விடுமுறை. மகளும் நானும் கடையிலிருந்து திரும்பினால், படிக்கட்டிலேயே கேஸ் நாற்றம். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. பக்கத்து அடுப்பில் டீ போட, தீப்பெட்டியும் கையுமாக நிற்கிறார். மகள் ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டு, அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்தாள்.

"உங்களுக்கு நாறலையா?"

"என்ன நாறுது?"

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னார்.

மூக்கு டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். "அந்தத் தூள் ரத்தக் குழாயைச் சுருக்கிடும்மா. ரத்தம் போகலேன்னா சதை செத்துடும், குருத்தெலும்பும் அரிச்சுடும். நடுத் தடுப்புல ஓட்டை விழுந்திருக்கு. அதான் விசில் அடிக்குது, மூக்குத் தண்டும் அமுங்குது. இன்னும் விட்டா அண்ணத்துலயும் ஓட்டை விழும், குடிக்கிற தண்ணி மூக்கால வரும்."

"ஆபரேஷன் பண்ணி நிமிர்த்திடலாமா?" என்றாள் மகள்.

"தூளை விட்டுப் பல மாசம் சுத்தமா இருந்தா பண்ணலாம். இல்லேன்னா நிக்காது. வாசனை திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது."

வீட்டில் இருந்தபடியே விடுகிறேன் என்றார். விடவில்லை. தூள் கொடுத்த அந்த ஹோட்டல்காரன் போன் செய்தால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மகள் ரத்தம் பட்ட உறைகளை ஊறவைப்பாள். ஒருநாள் அவள் கையிலிருந்த உறையை வாங்கித் தானே அலசிக் காயப்போட்டார். மறுநாள் காலை பையில் துணி அடுக்கினார். போதைப் பழக்கத்தை விடவைக்கும் ஆஸ்பத்திரியில் சேர.

"நானும் வரேன்" என்றாள் மகள்.

"வேணாம். நீ வந்தா உன்கூடவே திரும்பிடுவேன்."

தன் போனை அவளிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து, "வரேன் அத்தை" என்றார். போய்ட்டு வாங்க என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் வாசலைத் தாண்டியதும் மகள் கையில் போன் அடித்தது. ஹோட்டல்காரன்தான். படியில் ஒரு கணம் நின்றார். மகள் எடுக்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் இறங்கிப் போனார்.