குமிழி மறைந்த கடல்

முக்குளிப்புக் கடையில் எல்லோரும் அவனைத் தலையெண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். தீவுக்குச் சுற்றுலா வருகிறவர்களைக் கடலடி பார்க்கக் கூட்டிப்போகும் படகை ஓட்டுவது அவன் வேலை. கிளம்பும்போது எண்ணுவான். எல்லோரும் ஏறி, துவட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகும் எண்ணுவான். உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் சாப்பிட உட்கார்ந்தாலும் அவன் உதடு அசையும். மனைவி முழங்கையால் இடிப்பாள்.

அவன் தலை மட்டும் ஒருநாளும் தண்ணீருக்குள் போனதில்லை. சின்ன வயதில் சீழ் கட்டி ஒரு காதின் சவ்வு கிழிந்துபோனது. தலையை நனைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீந்துவான், ஆனால் வாத்து மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு. கடலுக்கு மேலேயே பிழைப்பு நடத்தியவனுக்குக் கீழே இருப்பதெல்லாம் பிறர் வாயால் கேட்டதுதான். கேட்டதில் பாதி பயமாக இருந்தது. மீதியை அவனே கற்பனை செய்து பயந்துகொண்டான்.

தங்கை அவனுக்கு நேர் எதிர். வீட்டில் பாப்பா, கடையிலும் பாப்பா. "இன்னைக்கு உங்கள பாப்பா கூட்டிட்டுப் போவா" என்று முதலாளி சொன்னால் வந்தவர்கள் குழந்தை எங்கே என்று பார்ப்பார்கள். வாசற்படிக்குத் தலை குனிய வேண்டிய உயரத்தில், தோளில் ஒரு சிலிண்டரைச் சாய்த்துக்கொண்டு ஒருத்தி வந்து நிற்பாள். அந்த வேலைக்குப் போகாதே என்று அவன் சொல்லிப் பார்த்தான், பேசாமல் இருந்து பார்த்தான், அம்மாவை விட்டு அழவைத்தும் பார்த்தான். எதுவும் எடுபடவில்லை. கடைசியில், வேறு எவனோ ஓட்டும் படகிலிருந்து அவள் இறங்குவதைவிட நாமே ஓட்டிவிடலாம் என்று அந்தக் கடையில் வந்து சேர்ந்தான்.

அன்று வந்தவர்கள் ஒரு தம்பதி. கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். போன விடுமுறையில் வேறு கடற்கரையில் முக்குளிக்கக் கற்று, சில தடவை இறங்கியவர். மனைவி தையற்கடைக்காரி. இறங்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. படகு நகர்ந்ததும் வாந்தி எடுத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"பாப்பா, அந்தப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது. உள்பக்கப் பாறைக்கே போயிடலாம்" என்றான்.

"அது இங்க வர்றதுக்குள்ள நாங்க ஏறிடுவோம்ணே. சார் சுவரப் பாக்கணும்னுதான் இவ்வளவு தூரம் வந்திருக்காரு."

உள்பக்கப் பாறை கரையை ஒட்டி, ஆழமில்லாதது. கடலுக்குள் பாறை செங்குத்தாக இறங்கும் இடத்தைத்தான் சுவர் என்பார்கள். அதன் மேல்பகுதியோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

இருவரும் இறங்கினார்கள். கீழே விடும் மூச்சு மேலே குமிழியாக வரும். அதைப் பார்த்தபடி, சற்றுத் தள்ளியே படகைப் பின்தொடர விடவேண்டும். இரண்டு இடத்தில் குமிழி கொப்பளித்துக்கொண்டிருந்தது. அவன் கண் அதைவிட்டு அகலவில்லை.

"தம்பி, இவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. மாத்திரை போட்டாரான்னு கேக்க மறந்துட்டேன்" என்றாள் தையற்கடைக்காரி.

"இவ்வளவு நேரம் கழிச்சா இதச் சொல்லுவீங்க?" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "ஒண்ணும் ஆகாதும்மா. என் தங்கச்சி கூட இருக்கா" என்றான்.

மழை நினைத்ததைவிடச் சீக்கிரமே வந்து அடித்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்த மழை. கடல் முழுக்கப் பொரிந்தது. எங்கு பார்த்தாலும் குமிழி. அவன் பார்த்துக்கொண்டிருந்தது எது, மழை போட்டது எது என்று தெரியவில்லை. கையால் முகத்தை வழித்துவிட்டுப் பார்த்தான். கரை இல்லை, பாறை இல்லை. படகின் மூக்கே மங்கலாகத்தான் தெரிந்தது.

எஞ்சினை ஓட்டினால் கீழிருந்து ஏறுகிறவர்களின் தலையில் விசிறி பட்டுவிடும். நிறுத்தினால் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நிறுத்தினான். ஸ்பேனரை எடுத்து, தண்ணீருக்குள் நிற்கும் இரும்பு ஏணியில் ஓங்கி ஓங்கி அடித்தான். அந்தச் சத்தம் கீழே கேட்கும், கேட்டால் மேலே வரவேண்டும் என்பது ஏற்பாடு.

யாரும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் கடையைக் கூப்பிட்டான். இன்னொரு படகு தீவின் அந்தக் கோடியில் இருக்கிறது, மழையில் அது வர நேரமாகும் என்றார் முதலாளி.

"என்ன தம்பி, எங்க அவங்க?"

"வந்துருவாங்கம்மா."

"உன் கை ஏன் இப்படி ஆடுது?"

"குளிரும்மா."

"எனக்குக் குளிரலையே" என்றாள் அவள். எலுமிச்சம்பழம் எப்போதோ கையிலிருந்து நழுவிப் படகுக்குள் உருண்டுகொண்டிருந்தது.

அப்போது படகுக்குப் பக்கத்தில், உருண்டையாக, கறுப்பாக ஒன்று எழுந்து அமிழ்ந்தது. பாப்பாவின் தலை. முகம் குப்புறக் கிடக்கிறது. கத்திக்கொண்டே கொக்கிக் கழியை நீட்டி இழுத்தான். அது ஒரு நெற்றுத் தேங்காய். கழியை விட்டுவிட்டுப் படகின் விளிம்பில் நெற்றியை முட்டிக்கொண்டான். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. தையற்கடைக்காரி எழுந்து வந்து அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவனும் விழுந்துவிட்டால் யார் படகை ஓட்டுவது என்று அவளுக்குப் பயம்.

நிமிர்ந்தபோது தேங்காய் தள்ளிப் போயிருந்தது. காற்று ஒரு பக்கம் அடிக்க, அது எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும் பொருள் நீரோட்டத்தோடுதான் போகும். அப்படியானால் நீரோட்டம் திரும்பிவிட்டது. பாறையை ஒட்டிப் போகவில்லை, வெளிக்கடலுக்கு இழுக்கிறது. அவன் ஏணியை அடித்துக்கொண்டு காத்திருந்த இடத்தில் அவர்கள் இல்லவே இல்லை.

எஞ்சினைக் கிளப்பினான். நடை வேகத்தில், தேங்காயைக் கண்ணில் வைத்துக்கொண்டு படகை விட்டான். "அம்மா, நீங்க முன்னாடி போய் உக்காந்து பாருங்க. என்ன தெரிஞ்சாலும் கத்துங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல, கத்துங்க."

அவள் கத்திக்கொண்டே இருந்தாள். அலையின் நுரைக்குக் கத்தினாள், பறவைக்குக் கத்தினாள். ஒவ்வொரு கத்தலுக்கும் அவன் எஞ்சினை அணைத்தான், பார்த்தான், மறுபடி கிளப்பினான். அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்தது. அதைத் துரத்தினால், பாப்பாவின் செருப்பு கடை வாசலில் கிடக்கும் என்ற நினைப்பு வந்தது.

"தம்பி! துணி! ஆரஞ்சுத் துணி!"

அது துணி இல்லை. முக்குளிப்பவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைக் காட்ட ஊதி நிமிர்த்தும் காற்றுப்பை. காற்றில் படுத்துக் கிடந்தது. கிட்டே போய் எஞ்சினை அணைத்தான். மருந்துக்கடைக்காரர் தெரிந்தார். வாய் திறந்திருந்தது. அவர் மட்டும்தான் தெரிந்தார்.

"பாப்பா!"

ஓர் அலை தூக்கி இறக்கியது. ஒரு தலைதான். மறுபடி எண்ணினான், ஒன்றை இரண்டு தடவை எண்ணுகிறோம் என்றுகூட உறைக்காமல். கால் ஒன்று படகுக்கு வெளியே போய்விட்டது. குதிப்பதென்று அவன் முடிவு செய்யவில்லை, கால் போய்விட்டது, அவ்வளவுதான். அப்போது அடுத்த அலை அந்த மனிதரைத் திருப்பியது. அவர் முதுகுக்குப் பின்னால், அவரைத் தன் மார்பில் தாங்கி மல்லாந்து கிடந்தாள் பாப்பா. முகத்தில் முக்குளிப்புக் கண்ணாடி இல்லை. மூக்கிலிருந்து ரத்தம்.

"அழுததெல்லாம் போதும். மொதல்ல சாரப் பிடிண்ணே" என்றாள்.

இழுத்துப் போட்டார்கள். கீழே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். நீரோட்டம் இருவரையும் சுவரிலிருந்து பிய்த்து இழுத்திருக்கிறது. அவர் பயந்துபோய் மேலே பாய்ந்திருக்கிறார். அப்படி ஒரேயடியாக ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும். அவர் காலை அவள் பிடித்து இழுக்க, அவர் உதைத்ததில் அவளுடைய கண்ணாடி போனது. கண் தெரியாமலே அவரை அணைத்துப் பிடித்து, அவருக்குக் காற்று தீர்ந்ததும் தன்னிடமிருந்த இரண்டாவது குழாயை அவர் வாயில் வைத்து, மெல்ல மெல்ல ஏறியிருக்கிறாள்.

"ஏணி அடிச்சேனே, கேக்கலையா?"

"கேட்டுது. நீ பயந்துட்டேன்னு புரிஞ்சுது. என்ன பண்ணச் சொல்ற?"

மருந்துக்கடைக்காரருக்கு ஆக்சிஜன் கொடுத்துக் கரை சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் அவரையும் பாப்பாவையும் படுக்கவைத்துப் பார்த்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் கண் விழித்ததும் தையற்கடைக்காரி கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

தலையெண்ணி அதன்பின் அந்தப் படகுக்குப் போகவில்லை. தங்கையிடம் சண்டை போட்டான். "நீ வேலைய விடு, இல்லன்னா நான் விடுறேன்." அவள், "சரி, நீ விடு" என்றாள். சிமெண்டும் காய்கறியும் ஏற்றும் படகில் சேர்ந்தான். மூட்டைகள் எங்கும் முக்குளிக்கப் போவதில்லை. நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தான். ஆனால் தூரத்தில் ஒரு மேகம் கறுத்தால் போதும், எந்தப் பாறைக்குப் போயிருப்பாளோ, எவன் ஓட்டுகிறானோ, ஏணியை அடிக்கத் தெரியுமோ என்று உள்ளங்கை வேர்த்துவிடும். முன்பாவது பார்த்துப் பயந்தான். இப்போது பார்க்காமல் பயப்பட வேண்டியிருந்தது. சோறு இறங்கவில்லை. "போய்த் தொலைங்க அந்தப் படகுக்கே, உங்க மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள் மனைவி.

மழைக்காலம் கழிந்ததும் திரும்பிப் போனான். முதலாளி ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். வானம் பளிச்சென்றிருந்தது. உள்பக்கப் பாறையில் நிறுத்தினான். பாப்பா புதுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விளிம்பில் உட்கார்ந்து, அவனையே பார்த்தாள்.

"அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

அவன் திரும்பிக்கொண்டான்.