எர்த் கம்பி

பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கி வந்த மறுநாள் காலை, உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் அதற்குச் சார்ஜ் போட்டிருந்தேன். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கார்க் கதவைத் தொட்ட என் மகள் அலறினாள். ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடனே ஊரிலிருந்த எலெக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்பினேன்.

வந்த எலெக்ட்ரீஷியன் ஒல்லியானவர், காதோரம் நரைத்தவர். எதையும் தொடுமுன் முகர்ந்து பார்ப்பார். பிளக்கை முகர்ந்தார், மீட்டர் பெட்டியை முகர்ந்தார். பிறகு, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குவதற்காகச் சுவரோரம் இருந்த எர்த் கம்பியை இழுத்தார். மண்ணில் புதைக்கப்படாத அந்தக் கம்பி கையோடு வந்துவிட்டது.

“எவன் செஞ்ச வேலை இது? நாங்க இந்த வூட்ட வாங்கி ரெண்டு வருசந்தான் ஆவுது” என்று கத்தினேன்.

அவர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாந்தான் சார். அப்ப ஒரே அவசரம். அப்பால பொதைச்சிக்கலாம்னு வுட்டுட்டுப் போய்ட்டேன்.”

அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அவரே குழி தோண்டி எர்த் குழாயை இறக்கினார். மெயினைப் போட்டு டெஸ்டரில் பார்த்தும் நம்பாமல், செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு காரின்மேல் கை வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை.

“இந்தத் தெருவுல இன்னும் நாலு வூடு கீது சார், நான் ஒயரிங் பண்ணது” என்றார்.

என் கடப்பாரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அவர்மேல் எனக்கு இருப்பது கோபமா மரியாதையா என்பது இன்றுவரை பிடிபடவில்லை.