பரமண்டல ஜெபத்துக்குப் பதில் பாதுகாப்பு உறுதிமொழி

போன மே மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். என் மகள் எஸ்தர் நீச்சல் குளத்தின் அடியில் நினைவில்லாமல் கிடந்தாள். பத்தடி தள்ளிக் கரையில் நின்ற அவள் அப்பன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? கைதட்டிக்கொண்டிருந்தான்.

அந்த அப்பன் நான்தான். கர்த்தருக்குள் பிரியமானவர்களே, சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். நான் அழுக்குச் சட்டையோடு வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு வேலை. பெர்மனென்ட். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஞானராஜ். அதே செக்‌ஷன், அதே ஷிப்ட், அதே சபை. சபையில் அவன் குரலுக்குப் பாட்டு கொடுத்தார்கள். என் குரலைக் கேட்டுவிட்டு நாற்காலி அடுக்கும் ஊழியம் கொடுத்தார்கள். அவன் வீட்டுப் பலாமரம் காய்த்துத் தள்ளும். என் வீட்டு மரம் இலை கொட்டும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மகள் விஷயத்தில் மட்டும் முடியவில்லை.

எஸ்தரும் அவன் மகள் ஜெனியும் பத்தாம் வகுப்பு. டவுன்ஷிப் குளத்தில் ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங் பழகுகிறார்கள். மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு பாட்டுக்கு ஏற்றபடி தண்ணீரில் ஆடும் விளையாட்டு. வெளியிலிருந்து பார்த்தால் பூ விரிகிற மாதிரி இருக்கும். உள்ளே ஒருத்தி கால் இன்னொருத்தி தலையில் படும். ஒருமுறை யாரோ முழங்காலால் இடித்து எஸ்தருக்கு மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. ஐந்து பெண்கள் தரையில் கால் ஊன்றாமல், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒருத்தியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்துவார்கள். மேலே நிற்கிறவள் ஜெனி. கீழே தூக்குகிற ஐந்தில் ஒருத்தி எஸ்தர். ஜனங்கள் மேலே பார்த்துக் கைதட்டுவார்கள். கீழே என் பிள்ளை இருப்பது மீனுக்குக்கூடத் தெரியாது. அந்தக் குளத்தில் மீனும் கிடையாது.

போட்டியில் தனியாக ஆட ஒருத்தியை அந்தச் சனிக்கிழமை தேர்ந்தெடுக்கப்போவதாகக் கோச் மேடம் சொன்னார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. தண்ணீருக்குள் அதிக நேரம் தம் கட்டுகிறவளைத்தான் எடுப்பார்கள் என்று நானாகக் கணக்குப் போட்டு, உபவாசம் இருந்து ஜெபித்தேன். என்ன ஜெபம்? "ஆண்டவரே, ஜெனியை விட என் பொண்ணு தண்ணிக்குள்ள அஞ்சு செகண்டாவது கூட இருக்கணும்."

ஜெபத்தோடு நிறுத்தினேனா? போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, மூழ்குவதற்கு முன்னால் துருத்தி மாதிரி இருபது தடவை வேகமாக மூச்சு இழுத்துவிடப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

கோச் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். "நான் பக்கத்துல இல்லாம யாரும் தம் கட்டக்கூடாது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி மேல நின்னு அவளையே பார்க்கணும்." எனக்கு இது புதுச் சட்டமா? மைன்ஸில் பெல்ட்டுக்கடியில் ஒருவர் இறங்கினால், சுவிட்சைப் பூட்டிவிட்டு வெளியே ஒருவர் கண்கொட்டாமல் காவல் நிற்க வேண்டும். பல வருஷமாக அப்படி நிற்கிறவன் நான். மகளுக்குக் காவல் நின்றபோது பாதிக் கண் ஸ்டாப்வாட்ச்சில். மீதிக் கண் ஞானராஜ் முகத்தில்.

அன்றைக்குக் கோச் மேடம் குளத்தின் அந்தக் கோடியில் சின்னப் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் எஸ்தரைத் தம் கட்டச் சொன்னேன். இருபது மூச்சு. மூழ்கினாள். ஜெனியின் நேரத்தைத் தாண்டினாள். "பாத்தியாய்யா!" என்று ஞானராஜிடம் கத்தினேன். எஸ்தரின் கை மெதுவாக விரிந்தது. கால் ஒருமுறை ஆடியது. இந்த விளையாட்டில் தலைகீழாக நின்றாலும் கலை, கால் ஆடினாலும் கலை. என் பிள்ளை மயங்கியதும் எனக்குக் கலையாகவே தெரிந்தது. கைதட்டினேன்.

"அங்கிள், அவ ஆடலை. என்னமோ மாதிரி இருக்கா" என்றாள் ஜெனி.

"ஏய், தொடாதே! டைம் ஓடிக்கினு இருக்கு. கெடுக்கப் பாக்குறியா?"

இதைச் சொன்ன வாயால்தான் நான் இன்றைக்கும் சோறு தின்கிறேன். அந்தப் பெண் என்னை மதிக்கவில்லை. ஸ்தோத்திரம்! குதித்துவிட்டாள். பின்னாலேயே பேன்ட் சட்டையோடு ஞானராஜ்.

எனக்கு நீச்சல் தெரியாது. கரையிலேயே முழங்கால் போட்டேன். ஜெபம் பண்ண வாயைத் திறந்தேன். பரமண்டல ஜெபத்தில் ஒரு வரி வரவில்லை. ஷிப்ட் ஆரம்பத்தில் கையை நீட்டிக்கொண்டு சொல்வோமே, அந்தப் பாதுகாப்பு உறுதிமொழி வந்தது! என்னோடு வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்கும் நானே பொறுப்பு என்று, கையை நீட்டியபடி, அழுதுகொண்டே சொல்கிறேன்.

"யோவ், என்னய்யா ஒளர்ற? புள்ளையப் புடிய்யா!" தண்ணீருக்குள்ளிருந்து ஞானராஜ் கத்தினான்.

கரையில் கிடத்தினோம். உதடு நீலம். கோச் மேடம் ஓடிவந்து மூக்குக் கிளிப்பைப் பிடுங்கிவிட்டு வாயில் ஊதினார். ஒருமுறை. இரண்டு முறை. அப்போதுதான் எனக்கு ஜெபம் வந்தது. "ஆண்டவரே, ஜெனிக்கே குடுத்துடுங்க. தனி ஆட்டம், மெடல், எல்லாம் அந்த வூட்டுக்கே போவட்டும். இவ மூச்சை மட்டும் இங்க விட்டுடுங்க."

எஸ்தர் இருமினாள்.

அப்படி ஒரு பாட்டை நான் எந்தச் சபையிலும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா விளக்கினார்: வேகமாக மூச்சு விட்டுவிட்டு மூழ்கினால், "மேலே வா, மூச்சு வாங்கு" என்று உடம்பு அடிக்கும் மணி அடிக்காது. பிள்ளைக்குத் தவிப்பே தெரியாமல் நினைவு போய்விடும். "யார் சொல்லிக் குடுத்தது இதை?" எஸ்தர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் சுவரைப் பார்த்தாள். நானே கையைத் தூக்கினேன்.

டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் ஞானராஜ் வீட்டுக்குப் போனேன். ஜெனியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனிடமும் என் பொறாமையை ஒவ்வொன்றாக அறிக்கையிட்டேன். அழுவான் என்று பார்த்தேன். சிரித்தான். "எல்லாம் எனக்குத் தெரியும்யா. நீ வயிறெரியறதைப் பாத்து நான் நல்லா அனுபவிச்சிக்கினு இருந்தேன். நானும் அறிக்கையிடணும்." இரண்டு பேரும் சேர்ந்து முழங்கால் போட்டோம்.

தனி ஆட்டம் ஜெனிக்குத்தான் போனது. டாக்டர் அனுமதி கொடுத்தபின் எஸ்தர் மறுபடி இறங்கினாள். கோச் மேடம் பக்கத்தில் இருந்தால் மட்டும், ஜெனி மேலிருந்து பார்த்தால் மட்டும். என்னைப் பார்வையாளர் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். நியாயம்தான்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். கர்த்தர் இன்னும் என்னைப் பழுது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். இப்போதும் ஞானராஜைப் பார்த்தால் எரிகிறது. நான் அதட்டியும் கேட்காமல் குதிக்கிற பெண்ணை வளர்த்திருக்கிறானே! தினமும் காலையில் எஸ்தர் பெயருக்கு முன்னால் ஜெனி பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். அதையும் அவர் கேட்டார்.

பிரியமானவர்களே, உங்களுக்கும் ஒரு ஞானராஜ் இருப்பார். அவர் வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்றைக்கே ஜெபியுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டாவது ஜெபியுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை மூழ்கும்போது கர்த்தர் அனுப்பப்போவது அந்தப் பிள்ளையின் கையாக இருக்கலாம்.