அப்பாவின் தீவு நாணயங்களை எடுத்தவள்

எங்கள் அப்பா பொங்கலூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக நின்று, பின்பு நல்லூரில் பத்து மெஷின் போட்டுச் சொந்தமாகத் தைத்துக் கொடுத்தார். யார் மனமும் நோகப் பேசாதவர். எல்லா நினைவு மலரிலும் இப்படித்தான் எழுதுவார்கள்; அப்பா விஷயத்தில் அது உண்மை.

அவருக்கிருந்த ஒரே ஆசை வெள்ளி நாணயங்கள். நியுவே, துவாலு, குக் தீவுகள் என்று பசிபிக் கடலில் கிடக்கும் குட்டி நாடுகள் வெளியிடுபவை. ஆமை, சுறா, பாய்மரக் கப்பல் என்று விதவிதமான உருவங்கள். முதல் ஆமையைக் கொடுத்தவர் பனியன் வாங்க வந்த ஒரு வெளிநாட்டு பையர். பாஸ்போர்ட்கூட எடுக்காத மனிதர், வருடத்துக்கு ஒன்றாக ஒன்பது சேர்த்துவிட்டார். "நாம தெச்ச பனியன அங்கயும் ஒருத்தன் போட்டிருப்பான் கண்ணு" என்று சிரிப்பார்.

சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பார்த்துக்கொள்ள ஒடிசாவிலிருந்து வந்த சுனிதா என்ற பெண்ணை வைத்தோம். எங்களுக்குப் புரியாத அப்பாவின் குழறல் அவளுக்குப் புரிந்தது.

டாக்டர் கைவிரித்த வாரம் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. வெள்ளியில் கையும் காலும் செய்து மாரியம்மனுக்குச் செலுத்துவதாக நேர்ந்துகொண்டேன். கடைத் தகடு ஆத்தாவுக்கு எதற்கு, அவர் உயிராக வைத்திருப்பதையே கொடுத்தால்தான் இரங்குவாள் என்று தோன்றியது. ஒன்பதையும் யாருக்கும் சொல்லாமல் பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யோசிச்சுக்கங்க அம்மிணி" என்றார். நான் யோசிக்கவில்லை. உருக்கிவிட்டார்.

காணிக்கை செலுத்திய நான்காம் நாள் அப்பா பெட்டியைக் கேட்டார். திறந்தால் காலி. அப்பாவைப் பார்க்க வந்திருந்த அவருடைய அக்கா, எங்கள் அத்தை, நேராகச் சுனிதாவைப் பிடித்துக்கொண்டார். அவளுடைய பையைத் தரையில் கொட்டிப் பார்த்தார்கள். "அந்தப் புள்ள எடுக்கலீங்க அக்கா" என்று அப்பா குழறியது அன்று எனக்கே தெளிவாகக் கேட்டது. சுனிதா என்னைத்தான் பார்த்தாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க அக்கா."

நான் சொல்லவில்லை. நேர்ந்ததை வெளியே சொன்னால் பலிக்காது என்று மனதுக்குள் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டேன். பொய். அப்பா என் முகத்தைப் பார்ப்பாரே என்ற பயம்தான். அத்தையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சுனிதா அழுதுகொண்டே போனாள். அதன்பின் அப்பா யார் கையாலும் சாப்பிடவில்லை. நான் ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்தது. பதினோராம் நாள் போய்விட்டார். கடைசிவரை அவரிடமும் சொல்லவில்லை. ஐயோ, ஒரு வார்த்தைதானே!

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் பங்காளிகள், மாமன் மச்சான்கள், மருத்துவர்கள், கம்பெனிப் பிள்ளைகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஆனால் எங்கள் அப்பாவுக்கு மலஜலம் எடுத்தவள் சுனிதா. அவள் திருடவில்லை. எடுத்தவள் நான். அவளுடைய பழைய போன் நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. காங்கேயம் ரோட்டில் ஏதாவது பனியன் யூனிட்டில் இருக்கிறாளோ, ஊருக்கே போய்விட்டாளோ, தேடிச் சலித்துவிட்டேன். எங்கேனும் அவளைக் கண்டால், தயவுசெய்து இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.